இருபதாவது வருஷத்துக்கு இருபது சதவீதம்

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றிலிருந்து நான் டைரக்டர். சினிமா டைரக்டர் என்று யாரும் ஓடி வர வேண்டாம், இறால் கம்பெனி டைரக்டர். தாழங்காடு அக்வா லிமிடெட்டுக்குச் சேர்மன் என் அண்ணன் வைரக்கண்ணு. இன்னொரு டைரக்டர் தீவனக் கடை ஹாஜா பாய். மூன்றாவது நாற்காலியில் இருந்த பக்கிரிசாமி மாமா ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நாற்காலிக்குத்தான் நான்.

"எனக்கு என்னண்ணே தெரியும்? நான் புருவம் எடுக்கறவ" என்றேன்.

"அதுக்குத்தான் உன்னைப் போடறேன். வேற ஆளைப் போட்டா கேள்வி கேப்பான்" என்றார். அண்ணன் எதையும் மனசில் வைத்துக்கொண்டு பேச மாட்டார். அது ஒரு நல்ல குணம்தான்.

நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். குறியைப் பார்த்து மளமளவென்று 'வனரோஜா', 'வனரோஜா' என்று போட்டுக்கொண்டே போனேன். என்ன ஏது என்று படிக்கவில்லை. படித்தால் மட்டும் என்ன புரியப்போகிறது?

டைரக்டர் ஆனதில் கிடைத்த முதல் ஆதாயம் இந்தக் கம்பெனி டைரி. பாதி வருஷம் போய்விட்டதால் முன்பக்கம் எல்லாம் காலி. மளிகைச் சாமான் எழுத ஆகும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் இரண்டு ஃபேஷியல். மத்தியானம் குஞ்சிதபாதம் சார் வந்தார். என் ரோஜா பியூட்டி பார்லர் இருக்கிற கட்டடம் அவருடையது. முன்னால் இரண்டு நாற்காலி போட்ட கடை, பின்னால் அடுப்பும் கட்டிலும் உள்ள ஒரு ரூம். அதுதான் என் வீடு.

"மாச வாடகை எனக்கு ஒத்துவரலம்மா. மூணு லட்சத்துக்கு ஒத்திக்கு விடப்போறேன். செல்போன் கடைக்காரன் ஒருத்தன் பணத்தோட நிக்கிறான். உனக்காக ஐப்பசி ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன்" என்றார். நல்ல மனுஷர்தான், பையன் படுத்துகிறான்.

சீட்டு எடுத்து வைத்த பணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. மீதி?

அவர் போனபின் ஒரு வீடு ஞாபகம் வந்தது, அண்ணன் வீட்டு மாடி. என் வீட்டுக்காரர் போனபின் ஆறு வருஷம் அங்கேதான் இருந்தேன். குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும், கேட்காமலே காபி வரும். ஆனால் மருந்துக் கடைக்குப் போவதென்றாலும் அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். வாசல் சாவி என் கைக்கு வந்ததே இல்லை. இங்கே சாவி என் இடுப்பில் இருக்கிறது. தூங்கும்போதும் எடுப்பதில்லை. திரும்ப அந்த மாடிக்குப் போவதை நினைத்தால் எனக்கு அழுகையே வந்துவிடும்.

சரி, அழுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார் என்னைக் கண் திறந்து பார்த்துவிட்டார்!

கடல் தண்ணீர் ஏறி உப்பாகிப்போன நிலத்தையெல்லாம் ஊர்க்காரர்கள் ஒன்றாகப் போட்டு, நிலத்துக்குப் பதில் பங்கு வாங்கிக்கொண்டு ஆரம்பித்த கம்பெனி இது. அப்பா எனக்கு எழுதிவைத்த நாலு ஏக்கரும் அதில்தான் கிடக்கிறது. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் டிவிடெண்ட் வரும். எட்டு சதவீதம், மிஞ்சிப்போனால் பத்து.

இன்று கோயில் வாசலில் அண்ணன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது. "கம்பெனிக்கு இது இருபதாவது வருஷம்! அதனால இந்த வருஷ டிவிடெண்ட் இருபது சதவீதம்!" என்று ஒரே போடாகப் போட்டார். விசில் பறந்தது. சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கி ஆட்டினார். மைக்கைப் பிடித்த அந்த நிமிஷத்தில்தான் அண்ணனுக்கே அது தோன்றியிருக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

என் பங்கு எட்டு லட்சம். இருபது சதவீதம் என்றால் ஒரு லட்சத்து அறுபதாயிரம். சீட்டுப் பணத்தோடு சேர்த்தால் சொல்லிவைத்தாற்போல மூன்று லட்சம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். அதேதான்.

செப்டம்பர் 1, திங்கள்

ஊரே அந்த இருபது சதவீதத்தைச் செலவு பண்ணத் தொடங்கிவிட்டது. புருவம் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் பங்குதாரர்கள், இல்லாவிட்டால் பங்குதாரர் பெண்டாட்டி. ஒருத்தி ஃபிரிட்ஜ் பார்த்துவிட்டாள். ஒருத்தி கொலுசுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாள். அண்ணி தையல்நாயகி வந்து, பழைய காரை விற்றாகிவிட்டது, புதுசுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்றார். "வெள்ளை கலர் ரோஜா. சன்ரூஃப் வச்சது. தலையை வெளியில நீட்டிக்கிட்டே வேளாங்கண்ணி வரைக்கும் போகலாம்."

"முடி பறக்கும் அண்ணி. வந்து என்கிட்டதான் ஹேர் ஸ்பா பண்ணணும்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தோம்.

செப்டம்பர் 3, புதன்

இருப்புப் பார்க்கும் நாள். குட்டையில் எவ்வளவு இறால் வளர்ந்திருக்கிறது என்று வலை வீசிக் கணக்குப் போடுவார்கள். கும்பகோணத்திலிருந்து ஆடிட்டர் ராகவன் சார் வந்திருந்தார். அண்ணனுக்கு ஜலதோஷம். "டைரக்டர், நீ போய் நில்லு" என்று என்னை அனுப்பினார். பட்டுச்சேலை வேண்டாம் என்று நினைத்தும் கட்டிக்கொண்டு போனேன்.

எப்போதும் ஈசானி மூலையில்தான் வலை வீசுவார்கள். கம்பெனி ஆரம்பித்த அன்று பூஜை போட்டு முதல் வலையை அந்த வடகிழக்கு மூலையில் வீசினார்களாம், ராசியாக விழுந்ததாம், அன்றிலிருந்து அதுவே பழக்கம். போன வருஷம் வரை மிதவையில் சுற்றி வந்து குட்டை முழுக்கத் தீனி இறைப்பார்கள். இப்போது ஆள் கிடைப்பதில்லை என்று மெஷின் வாங்கியாயிற்று. வேளாவேளைக்கு அதுவே தீனியைத் துப்புகிறது. அதையும் வாஸ்து பார்த்து, எல்லாக் குட்டையிலும் ஈசானி மூலையிலேயே நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

குட்டைப் பொறுப்பாளர் மாசிலாமணி வலையைச் சுழற்றி வீசினார். கனத்து வந்தது. துள்ளல் என்றால் அப்படி ஒரு துள்ளல், ஆடிட்டர் கண்ணாடியெல்லாம் தண்ணீர். எண்ணி, நிறுத்து, குட்டையின் பரப்புக்குப் பெருக்கி எழுதிக்கொண்டார். "அமோகம் மேடம். அக்டோபர் அறுவடை பிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

நான் கிளம்பும்போது அடித்த காற்றில் என் குடை பறந்து, எதிர்ப்பக்கம் கன்னி மூலைத் தண்ணீரில் போய் விழுந்தது. பூப்போட்ட நல்ல குடை. மாசிலாமணி அங்கே போய் வலையை வீசி இழுத்தார். குடை வந்தது. கூட மூன்று இறால் வந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் டைரக்டரம்மா" என்றார்.

குடை கிடைத்ததே பெரிய விஷயம்.

செப்டம்பர் 4, வியாழன்

குடையைக் காயப்போட்டேன். ஒரு கம்பி வளைந்திருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

போர்டு மீட்டிங். மீட்டிங் என்றால் அண்ணன் வீட்டு ஹாலில் மூன்று பேர், வடை, காபி. இருபது சதவீதத்துக்குத் தீர்மானம். இந்த மாசம் 28ஆம் தேதி பொதுக்குழுவில் பங்குதாரர்கள் கை தூக்கிவிட்டால் பணம் பத்து நாளில் வந்துவிடும்.

சும்மா இருக்க மாட்டாமல், "இதுக்குப் பணம் பேங்க்ல இருக்கா பாய்?" என்று கேட்டுவைத்தேன்.

ஹாஜா பாய் வடையைக் கீழே வைத்தார். "இருக்கிறது அடுத்த பட்டத்துக்கு வச்சிருக்கிற பணம் தங்கச்சி. குஞ்சு வாங்க, தீனி வாங்க, டீசல் போட. அதை எடுத்து இப்பப் பிரிச்சுக் குடுத்துடறோம். அக்டோபர் அறுவடை வந்ததும் திரும்ப ரொப்பிடறோம்."

"அறுவடை கம்மியா வந்தா?"

"நிலத்தைக் கொண்டுபோய் பேங்க்ல வைக்கணும். ஆனா ஏன் கம்மியா வருது? நீதானே வலையைப் பாத்துட்டு வந்தே?"

"ஆமா, பாத்தேன்" என்றேன்.

அண்ணன் பேப்பரைத் தள்ளினார். பென்சில் குறி இருந்த இடத்தில் போட்டேன். வடையில் உப்பு ஜாஸ்தி.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நின்றால் கால் வலிக்காமல் என்ன செய்யும்? ராத்திரி தூக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

செப்டம்பர் 13, சனி

புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு மாசம் கவிச்சி கிடையாது. அதற்குள் ஒரு இறால் குழம்பு வைத்துவிடலாம் என்று பண்ணைக்குப் போனேன். அதற்காக மட்டும்தான் போனேன்.

மாசிலாமணி பழக்கதோஷத்தில் ஈசானி மூலைக்கு நடந்தார். "அங்க வேணாம், இந்தப் பக்கம் வீசுங்களேன், வெயில் இல்ல" என்று கன்னி மூலையைக் காட்டினேன். உண்மையில் அங்கேதான் மண்டை பிளக்கிற வெயில். வீசினார். நாலு இறால். அக்னி மூலையில் வீசச் சொன்னேன். ஆறு. நடுவில் வீசச் சொன்னேன்.

"டைரக்டரம்மாவுக்கு விருந்தாளியா?" என்று கேட்டார்.

"ஆமா."

நடுவிலும் கைப்பிடிதான். "தீனி போட்டு ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டேன். விடியற்காலை போட்டதாம். அப்படியென்றால் இப்போது ஒன்றும் சாப்பாட்டுக்குப் போயிருக்க முடியாது. மெஷின் காலடியிலேயே குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறதுகள்.

கிடைத்த இறால் குழம்புக்குப் பற்றவில்லை. கத்தரிக்காய் போட்டுச் சமாளித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி முதல் தேதி. அண்ணி புருவத்தில் ஒரு அசம்பாவிதம்.

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வழக்கம்போலத்தான் ஆரம்பித்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "டிவிடெண்ட் வந்ததும் உன் கடையையே ஒத்திக்கு எடுத்துடப்போறியாமே? குஞ்சிதபாதம் சார் சொன்னாரு. நல்லது ரோஜா" என்றார். அதற்குள் கை சறுக்கி இடது புருவம் பாதி போய்விட்டது. பாதி என்றால் பாதி. அய்யோ, சாமி! பென்சிலால் வரைந்து கொடுத்தேன்.

அண்ணி கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று பார்த்தால், என் முகத்தைப் பார்த்து, "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். காசும் கொடுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 19, வெள்ளி

சரி. எழுதித்தான் தொலைக்க வேண்டும். கணக்குத் தப்பு. குட்டையில் ஆடிட்டர் எழுதிய அளவு இறால் இல்லை. ஜூலையில் பேய்மழை பெய்ததே, அதில் குஞ்சு செத்திருக்கும், யாரும் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பதெல்லாம் மெஷின் இருக்கிற மூலையில் கூடிவிட்டது, அந்த மூலையிலேயே வலையும் விழுந்தது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். குடையை வாங்கும்போதே தெரியும். தெரிந்துதான் போர்டில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அப்புறம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"குடை சொல்லிச்சா? அடியே, இருபது வருஷமா அந்த மூலையில வீசறோம். ஒரு வருஷம் தப்பியிருக்கா?"

"இருபது வருஷமா மெஷின் இல்லையேண்ணே."

"நீ புருவத்தைப் பாரு. இறாலை நான் பாத்துக்கறேன்."

நல்லது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது. இனி என் தலையில் ஒன்றும் இல்லை. ஒரு லட்சத்து அறுபதாயிரம் வரும், கடை தங்கும், சாவி இடுப்பில் இருக்கும். திரும்பி வரும் வழியில் பால்கோவா வாங்கித் தின்றேன்.

செப்டம்பர் 24, புதன்

ஆடிட்டருக்கு ஃபோன் போட்டேன். கை தானாகப் போட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"சார், சும்மா ஒரு சந்தேகம். போர்டு சொன்ன டிவிடெண்டைப் பொதுக்குழுவில் மாத்த முடியுமா?"

"கூட்ட முடியாது மேடம். குறைக்கலாம். யாராவது ஒருத்தர் திருத்தம் சொல்லி, இன்னொருத்தர் வழிமொழிஞ்சா ஓட்டுக்கு விடலாம். ஆனா டிவிடெண்டைக் குறைன்னு எந்தப் பங்குதாரர் மேடம் சொல்லுவார்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 27, சனி

நாளைக்கு என்ன சேலை கட்டுவது? வாயைத் திறக்கப்போவதில்லை என்றால் மாம்பழக் கலர். திறப்பதாக இருந்தால் எதைக் கட்டினாலும் ஒன்றுதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மாம்பழக் கலர்தான் கட்டினேன்.

எங்கள் பொதுக்குழு எப்போதும் புரட்டாசியில்தான் விழும். இறால் கம்பெனியின் விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விரதம். அதனால் மண்டபத்தில் ஒரு பக்கம் இறால் பிரியாணிப் பந்தி, ஒரு பக்கம் சாம்பார் சாதப் பந்தி. சாம்பார்க்காரர்களுக்கு ஐப்பசியில் ஒரு கிலோ இறால் வாங்கிக்கொள்ளக் கூப்பன். வாசனை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

அண்ணன் மேடையில் ஜரிகை வேட்டியில் ஜொலித்தார். இருபது வருஷக் கதையைச் சொன்னார். இருபது சதவீதத்தைப் படித்தார். கைதட்டல் அடங்கவே நேரமானது. "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அண்ணன் முதலில் புன்சிரிப்போடு பார்த்தார், தங்கச்சி வாழ்த்துச் சொல்லப்போகிறாள் என்று. மைக் எனக்குத் தேவைப்படவில்லை, பயத்தில் குரல் அவ்வளவு பெரிதாக வந்தது. குடை விழுந்ததைச் சொன்னேன். மூன்று இறாலைச் சொன்னேன். குழம்புக்குப் போனதைச் சொன்னேன். "தெரிஞ்சே நானும் போர்டுல கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. நாலு மூலையிலும் நடுவுலயும் வலை வீசிப் பாத்துட்டு அப்புறம் கை தூக்குவோம். கம்மியா இருந்தா டிவிடெண்டை நாலு சதவீதமாக் குறைக்கணும். இது என் திருத்தம்."

மண்டபத்தில் என்ன கூச்சல்! "குடை விழுந்ததுக்கு டிவிடெண்ட் கிடையாதா?" என்று ஒருவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். ஃபிரிட்ஜ்காரி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். "ரோஜா, உட்காரு" என்றார் அண்ணன். அவ்வளவு பேர் முன்னால் அவர் முகம் சிவந்துபோயிற்று. உட்காரவில்லை. கால் மடங்கவில்லை என்பதுதான் நிஜம்.

ஆடிட்டர் தொண்டையைக் கனைத்தார். "திருத்தத்தை யாராவது வழிமொழியறீங்களா?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன். ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. நான் சொல்லிவிட்டேன், ஊர் கேட்கவில்லை, பணம் வந்துவிடும்.

"நான் வழிமொழியறேன்."

அண்ணி! முதல் வரிசையில் எழுந்து நின்றார். அண்ணன் வாய் திறந்தபடி நின்றது.

"எனக்கும் பங்கு இருக்குல்ல? கார் எனக்கும்தானே வேணும்?" என்றார் அண்ணி. "இத்தனை வருஷத்துல இவ கை நடுங்கி நான் பாத்ததில்ல. அன்னிக்கு நடுங்கி என் புருவத்துல பாதியை எடுத்துட்டா. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க" என்று முகத்தைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினார். "ஒண்ணுமில்லாததுக்கா நடுங்கும்? போய்ப் பாத்துட்டு வருவோம். பிரியாணி ஒண்ணும் ஓடிப்போயிடாது."

டிராக்டரிலும் பைக்கிலும் நடந்தும் ஊரே குட்டைக் கரைக்குப் போயிற்று. மாசிலாமணி ஈசானி மூலையில் வீசினார், வலை கனத்தது, கைதட்டினார்கள். அக்னி மூலையில் வீசினார். வாயு மூலை. கன்னி மூலை. நடுவில் மிதவையில் போய் வீசினார். ஒவ்வொரு வலைக்கும் கூட்டத்தில் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. அடுத்த குட்டையிலும் அதேதான். ஆடிட்டர் கரையிலேயே உட்கார்ந்து சராசரி போட்டுவிட்டு, "நாம எழுதினதுல பாதிகூட வராது" என்றார்.

அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்தான் முதலில் கையைத் தூக்கினார், நாலு சதவீதத்துக்கு.

எனக்கு முப்பத்திரண்டாயிரம் வரும். நன்றாகக் கெட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

குஞ்சிதபாதம் சாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், என்னால் முடியாது என்று. வந்து ஒரு பாட்டம் அழுதேன்.

அக்டோபர் 4, சனி

தீபாவளி நெருங்குகிறது, கடையில் ஈ ஓட்டுகிறேன். ஃபிரிட்ஜ்காரி எதிரே நடந்துபோனாள். இரண்டு புருவமும் ஒன்றாகச் சேரும் நிலைமையில் இருக்கிறது, ஆனாலும் உள்ளே வர மாட்டாளாம். வைராக்கியம்! அண்ணன் ஃபோன் இல்லை. நானும் பண்ணவில்லை. செல்போன் கடைக்காரன் வந்து, கண்ணாடி மாட்டியிருக்கிற சுவரை அளந்துகொண்டு போனான்.

அக்டோபர் 11, சனி

அறுவடை முடிந்தது. ஆடிட்டர் சொன்ன சராசரியைவிடவும் கொஞ்சம் கம்மிதான். ஹாஜா பாய் கடைக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: "தங்கச்சி, கையில இருந்ததையும் இருபது சதவீதமாப் பிரிச்சுக் குடுத்திருந்தா இன்னிக்கு ஊர் நிலம் முழுக்க பேங்க்ல இருந்திருக்கும். இப்பக் கையில இருக்கறதை வச்சு அடுத்த பட்டத்துக்குக் குஞ்சு விட்டுடலாம்." அவர் கண் கலங்கியிருந்தது. தீவனத் தூசி என்றார்.

சாயங்காலம் ஃபிரிட்ஜ்காரி வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். நானும் பேசாமல் எடுத்துவிட்டேன். கொஞ்சம் வலிக்கிற மாதிரி எடுத்தேன், பொய் சொல்வானேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கடை வைத்த இந்த மூன்று வருஷத்தில் அண்ணன் உள்ளே கால் வைத்ததில்லை. இன்று வந்தார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது அரை வட்டம் சுற்றிவிட்டது. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"நீ வீட்டுக்கு வந்து சொன்னப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாது."

நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டேன்.

"கடையைக் காலி பண்றியாமே. தையல்நாயகி சொன்னா. மாடி ரூம் அப்படியே இருக்கு ரோஜா. வந்துடு."

"மாடி வேணாம்ண்ணே."

"பின்ன எங்க போவே?"

நானும் அதைத்தான் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்ததைக் கேட்டேவிட்டேன். "பழைய காரை வித்துட்டீங்க. புதுக் காரையும் வேணாம்னுட்டீங்க. ரோட்டுப் பக்கம் கார் ஷெட் சும்மாதானே கிடக்கு? பின்னால டிரைவர் ரூம் இருக்கு. எனக்கு வாடகைக்கு விடுங்க."

"தங்கச்சிகிட்ட வாடகையா? ஊர் காறித் துப்பும்!"

"வாடகை வாங்கிக்கலைன்னா வரல. அக்ரிமெண்ட் போட்டாத்தான் வருவேன்."

கண்ணாடியில் மீசையைத் தடவிப் பார்த்தார். "மீசைக்கு மை போடுவியா?" என்று கேட்டார். போட்டுவிட்டேன். காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஜெராக்ஸ் கடையில் அக்ரிமெண்டை அடித்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சேர்மன் சோபாவில். அண்ணி காபியோடு. இடது புருவம் முக்கால்வாசி வளர்ந்துவிட்டது, நன்றாக வந்திருக்கிறது.

அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். அவர் பேனாவைத் திறந்து, நேராக அந்தக் குறிக்குப் போனார். நான் தாளின் மேல் கையை வைத்துவிட்டேன்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கண்ணே."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். காது மடல் சிவந்தது. அப்புறம், "கண்ணாடியை எடுத்துட்டு வா" என்று அண்ணியிடம் சொன்னார். மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். மாச வாடகை இவ்வளவு. ரோட்டுப் பக்க வாசல் தனி. உரிமையாளர் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சாவி வனரோஜா வசம் மட்டும் இருக்கும்.

அங்கே நிறுத்தினார். "அவசர ஆத்திரத்துக்கு இங்க ஒண்ணு இருக்க வேணாமா?"

"வேணாம்ண்ணே."

அண்ணன் கடைசி வரி வரை படித்து முடித்தார். கையெழுத்துப் போட்டார். மேஜை டிராயரைத் திறந்து, ஷெட் சாவி இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான் கிளம்பி வாசலுக்கு வரும்போது பின்னாலேயே வந்தார்.

"திங்கக்கிழமை தீபாவளி முடிஞ்சதும் போர்டு மீட்டிங். அந்த மெஷினைக் குட்டை நடுவுக்கு மாத்தறதைப் பத்தி. பேப்பரெல்லாம் நாளைக்கே அனுப்பிடறேன். படிச்சுட்டு வா."

"சரிண்ணே."

"குறி ஒண்ணும் போடலை" என்றார் அண்ணன்.